இன்னும் பார்க்கிறீர்களா?

பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்ததும் சஹானா முதலில் பார்ப்பது தம்பியின் முகத்தை அல்ல. அவன் கட்டிலுக்குக் குறுக்கே நிற்கும் ஸ்டாண்டில் மாட்டியிருக்கும் டேப்லெட்டைத்தான் பார்ப்பாள். அதில் படம் ஓடிக்கொண்டிருந்தால் போன உயிர் திரும்பி வரும். பெரும்பாலான நாட்களில் ஓடாது. மங்கிப்போன திரையின் நடுவே ஒரு கேள்வி நின்றுகொண்டிருக்கும்: 'இன்னும் பார்க்கிறீர்களா?' அதற்குக் கீழே 'ஆம்' என்று ஒரு பொத்தான்.

ஜெயந்த் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். வேறு எதைப் பார்ப்பான்? தலையை அந்தப் பக்கம்தானே திருப்பி வைத்துவிட்டுப் போகிறார்கள்.

"எவ்வளவு நாழியா நிக்கறது?"

"இருபது நிமிஷம் இருக்கும். நாப்பதோ என்னமோ. அமுக்கு அக்கா."

அவள் பையைத் தோளிலிருந்து கழற்றாமலே போய் 'ஆம்' என்பதை அமுக்குவாள். அடுத்த எபிசோட் ஓட ஆரம்பிக்கும். ஆரம்பித்தபின் நடுவில் நிறுத்திச் சாப்பாடு ஊட்டினால் அவனுக்குப் பிடிக்காது. "இந்த ஒண்ணு முடியட்டும்" என்பான். சரி என்று கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கும் மோடாவில் உட்காருவாள். வங்காள வீடுகள் எல்லாவற்றிலும் இருக்கும் அந்தப் பிரம்பு மோடா, இந்தத் தமிழ் வீட்டிலும் முப்பது வருஷமாக இருக்கிறது. மடியில் பை. பைக்குள் காலி டிபன் டப்பா. எழுந்திருக்கப் போகிறவள் மாதிரியே இருபத்துநாலு நிமிஷம் உட்கார்ந்திருப்பாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூலை மழையில், டாலிகஞ்ச் டிப்போவுக்கு எதிரே ஜெயந்தின் பைக் சறுக்கியது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, கழுத்துக்குள்ளே தண்டுவடம் எங்கே நசுங்கியிருக்கிறது என்று பேனா முனையால் காட்டினார்கள். இப்போது அவனுக்கு முப்பத்தொன்று. கால்கள் இல்லாத கணக்கு. இடது கை அதே. வலது கையில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. உள்ளங்கையில் தோல் வார் கட்டி, அதில் ரப்பர் முனை வைத்த ஒரு குச்சியைச் செருகிவிட்டால், கையை இழுத்து இழுத்து டேப்லெட்டின் வலது ஓரத்தைத் தொட்டுவிடுவான். நடுத்திரைக்குக் கையைத் தூக்க வேண்டும். அது முடியாது. அந்த 'ஆம்' நடுத்திரையில்தான் இருக்கிறது.

அம்மா முன்னமே போய்விட்டாள். துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயரான அப்பா சீதாராமன், மகன் படுத்த அடுத்த வருஷம் போனார். லேக் கார்டன்ஸில் இரண்டாவது மாடி ஃப்ளாட், பிரம்பு மோடா, தம்பி: இவைதான் சஹானாவுக்கு வந்தவை. அவளுக்கு முப்பத்தெட்டு. கல்யாணம் பற்றி இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை. அதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட உண்டு. பதில் சொல்லும் வேலை மிச்சம்.

ஏப்ரல் வரைக்கும் அவள் ஆபீஸ் டாலிகஞ்ச் பக்கம் இருந்தது. பகலில் ஜெயந்தைப் பார்த்துக்கொள்ள ஆயா சென்டரிலிருந்து வரும் மாலதி மாசி ஆறு மணிக்குக் கிளம்புவாள், சஹானா ஆறு மணிக்கு நுழைவாள். மே மாதம் கிடர்பூருக்கு மாற்றிவிட்டார்கள். கப்பல் டாக் பக்கத்தில், லாரிகளுக்கு நடுவே ஒரு கஸ்டம்ஸ் ஆபீஸ். அங்கிருந்து பஸ் பிடித்து ராஷ்பிஹாரி, பிறகு ஆட்டோ, வீடு வந்து சேர ஏழரை. பூஜைக்குப் பந்தல் மூங்கில் நட ஆரம்பித்துவிட்டால் எட்டு.

ஆக, ஆறிலிருந்து ஏழரை வரை ஜெயந்த் தனியாக இருக்கிறான். பௌதி என்று இவர்கள் கூப்பிடும் கீழ்வீட்டு அண்ணியிடம் ஒரு சாவி இருக்கிறது. போன் அவன் குரலுக்குக் கட்டுப்படும். ஆபத்தென்று ஒன்றும் இல்லை. இன்னொரு ஷிப்டுக்கு ஆள் அனுப்புகிறோம் என்று ஆயா சென்டர் சொன்னது. ஜெயந்த் ஒப்பவில்லை.

"இருபத்துநாலு மணி நேரமும் யாரானும் என்னைப் பாத்துண்டே இருக்கணுமா? அந்த ஒண்ணரை மணி நேரமாவது என்னை விட்டுடேன், அக்கா. நான் பாட்டுக்கு அனிமே பாத்துண்டு இருக்கேன்."

நியாயம்தான். ஆனால் அந்த ஊதா நிற ஆப் மூன்று எபிசோட் முடிந்ததும் நின்று கேள்வி கேட்கிறதே! பார்ப்பவன் தூங்கிப்போயிருப்பான், வெளியே போயிருப்பான் என்று எவனோ ஓர் இன்ஜினீயர் நினைத்துச் செய்த ஏற்பாடு. எழுந்து போக முடியாத ஒருவனைப் பற்றி அவன் ஏன் நினைக்கப் போகிறான்? தினமும் அந்தக் கேள்வியைப் பார்க்கும்போது சஹானா நினைத்துக்கொள்வாள்: நான் சாலையில் நின்றுகொண்டிருந்த நேரமெல்லாம் இவன் இதன் முன்னால் கிடந்திருக்கிறான். இந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு வழி பண்ணாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான் என்று அவள் முடிவுக்கு வந்தது ஆகஸ்டில். வேலையை விட்டால் சாப்பிடுவது எதை என்பது அடுத்த கேள்வி. அதற்கு ஆம் இல்லை என்று பொத்தான் கிடையாது.

கேள்வி கேட்காத ஓர் ஆப் வேண்டும். அவ்வளவுதான். கேட்பதற்கு எவ்வளவு சின்ன விஷயமாக இருக்கிறது!

ஆபீஸில் முருகானந்தம் என்று ஒரு சூப்பரின்டென்டென்ட். தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவருடைய பையன் இந்த ஜப்பான் பொம்மைப் படங்களில் பெரிய பண்டிதனாம். சஹானா ஒரு நாள் வாயைத் திறந்ததற்கு, மறுநாளே மனுஷன் ஒரு பட்டியலோடு வந்துவிட்டார். ஆபீஸ் நோட்ஷீட்டில், கட்டம் போட்டு.

"இந்தாங்கம்மா. பையன்ட்ட கேட்டு எழுதினேன். பதினோரு ஆப் இருக்கு பாத்துக்கிடுங்க. பாக்கறதுக்கு ஆறு, படிக்கறதுக்கு அஞ்சு. அந்தப் படிக்கற புஸ்தகத்துக்கு மாங்கான்னு பேராம். நான் என்னமோ ஊறுகாய்க்குச் சொல்லுதானோன்னு நெனச்சேன்."

அதிலிருந்து ஐந்து வாரம் சஹானாவின் பஸ் பயணம் முழுக்க அந்தப் பட்டியலுக்கே போனது. ஜன்னலோர சீட் கிடைத்தால் கண்ணை மூடிக்கொள்பவள், இப்போது யாரோ முன்பின் தெரியாதவர்கள் எழுதிய விமர்சனங்களைப் படித்துக்கொண்டு வந்தாள். ஒருத்தன் ஐந்து நட்சத்திரம் கொடுப்பான். அதற்குக் கீழேயே இன்னொருத்தன், இதைவிடக் குப்பை உண்டா என்பான். விளம்பரம் வருகிறது, விளம்பரம் வருவதில்லை, சப்டைட்டில் பிரமாதம், சப்டைட்டில் கண்றாவி. தானாக அடுத்த எபிசோட் போகுமா, எத்தனைக்குப் பிறகு நிற்கும் என்று மட்டும் எவனும் எழுதவில்லை. எழுந்து போய் அமுக்கக் கூடியவனுக்கு அது ஒரு விஷயமா?

ஆகவே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. பச்சை ஆப் நிற்காமல் ஓடியது. ஆனால் நடுவில் விளம்பரம். அதை மூட இடது மேல் மூலையில் கடுகளவு ஒரு பெருக்கல் குறி. அவள் விரலுக்கே அகப்படாதது அவன் குச்சிக்கா அகப்படும்? அன்று மாலை அவள் வந்தபோது ஷாம்பூ விளம்பரம் ஒன்று முப்பதாவது தடவையோ நாற்பதாவது தடவையோ சுற்றிக்கொண்டிருந்தது.

"எனக்கு அந்தப் பாட்டு மனப்பாடம் ஆயிடுத்து" என்றான் ஜெயந்த்.

பூனை முகம் போட்ட ஆப்பில் தமிழ் டப்பிங் இருந்தது. சஹானா குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாள். ஜெயந்த் பார்க்கும் தொடரில் ஓர் ஓய்வுபெற்ற வாள்வீரன், பனி பெய்யும் ஊரில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறான். வாராவாரம் பழைய பகையாளி எவனாவது வந்து கடையை இடித்துவிடுவான். இவன் மறுபடி கட்டுவான். அவ்வளவுதான் கதை. ஜப்பான் மொழியில் பேசி, கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும்போது அது ஒரு மாதிரி நன்றாகத்தான் இருக்கும். தமிழில் அவன் கரண்டியைத் தூக்கிக்கொண்டு, "வஞ்சகனே! உன் குலத்தையே வேரறுப்பேன்!" என்று முழங்கினான்.

"வஞ்சகன்னா என்ன அக்கா?"

"ஏமாத்தறவன்."

"தூர்!" என்றான் ஜெயந்த், சுத்த வங்காளியாக. லேக் கார்டன்ஸில் பிறந்து வளர்ந்த பிள்ளை. கோபமும் சிரிப்பும் அவனுக்கு வங்காளத்தில்தான் வரும். "இது வேண்டாம். பழசே இருக்கட்டும்."

நீலம் வேண்டாம், எழுத்து பொடியாக இருக்கிறது. கறுப்பு வேண்டாம், அதில் பாதித் தொடர்தான் இருக்கிறது. வட்டம் போட்டது வேண்டாம், அடிக்கடி நடுவில் நின்று முழிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நொட்டை சொன்னான். ஒவ்வொரு தடவையும் பழசே இருக்கட்டும் என்றான். சஹானாவுக்கு ஒரு நாள் பொறுமை போய்விட்டது.

"உனக்காகத்தானேடா நாயா அலையறேன்? பழசு இருக்கட்டும், பழசு இருக்கட்டும்னா, அந்தக் கேள்விய நீ பாத்துண்டு கிடக்கறத நான் தினம் வந்து பாக்கணுமா?"

அன்று நூடுல்ஸ்காரன் கடை இடிந்தபோதும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எபிசோட் முடிகிற நேரம் சஹானா கட்டில் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். கண் விழித்தபோது இன்னொரு எபிசோடும் பாதி ஓடியிருந்தது. எழுப்பியிருக்கலாமே என்று அதற்கும் அவனைத் திட்டினாள்.

பார்க்கிற ஆப் எதுவும் சரிப்படாமல், அவள் படிக்கிற பக்கம் தாவினாள். அதே நூடுல்ஸ்காரன் கதை மாங்காவில் நாற்பது புத்தகமாக இருக்கிறது. புத்தகம் கேள்வி கேட்காது. பக்கத்தைத் திருப்பத் திரையைத் தொட்டால் போதும். வலது ஓரம் அவனுக்கு எட்டும். இதை முதலிலேயே யோசிக்காமல் போனோமே என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டு, பட்டியலில் ஒன்பதாவதாக இருந்த ஆப்பைப் போட்டு, முதல் புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு ஆபீஸ் போனாள். அன்று சேத்லாவில் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. நின்றால் நிற்கட்டும், அவன்தான் படித்துக்கொண்டிருப்பானே என்று முதல் தடவையாகப் பதறாமல் நின்றாள்.

வந்து பார்த்தால் அட்டைப் படத்திலேயே இருக்கிறான்.

"மாங்கா வலதுலேந்து இடதுக்குப் போகும், அக்கா" என்றான் நிதானமாக. "இடது பக்கம் தொட்டாத்தான் அடுத்த பக்கம். வலது பக்கம் தொட்டா முந்தின பக்கம். அட்டைக்கு முந்தி என்ன இருக்கு?"

அவள் மோடாவில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஆபீஸில் நூறு கன்டெய்னர் பில்லைப் புரட்டி, எது எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கிறவள். ஒரு புத்தகம் எந்தப் பக்கமிருந்து திறக்கும் என்று பார்க்கத் தோன்றவில்லை. அழுகை வந்தது. அழுவதற்கும் தெம்பு வேண்டும் என்பதால் விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆப்பின் செட்டிங்ஸைக் குடைந்து, எங்கே தொட்டாலும் அடுத்த பக்கம் போகும் என்ற ஏற்பாட்டைக் கண்டுபிடித்தாள். பத்துப் புத்தகங்களை இறக்கி வைத்தாள். ஊதா ஆப்பைத் திரையின் இரண்டாவது பக்கத்துக்குத் தள்ளினாள்.

திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் எல்லாம் எண்ணெய் போட்டது போல நடந்தது. வந்தாள், எட்டிப் பார்த்தாள், அவன் படித்துக்கொண்டிருந்தான். நேரே சமையலறைக்குப் போனாள். குக்கர் வைத்தாள், யூரின் பையை மாற்றினாள், ஊட்டினாள், துடைத்துவிட்டாள், மறுநாளைக்குக் காய் நறுக்கினாள். ஒன்பது மணிக்குள் அத்தனையும் முடிந்தது. மடிக்க வேண்டிய துணிகளை மோடாவின் மேல் போட்டு வைத்தாள். செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, முருகானந்தத்துக்கு ஒரு டப்பா சந்தேஷ் வாங்கிக்கொண்டு போனாள்.

"கடைசில ஜெயிச்சிட்டீங்க" என்றார் அவர், ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு.

வியாழக்கிழமை சாதம் ஊட்டும்போது ஜெயந்த் கேட்டான். "அந்த நூடுல்ஸ்காரன் கடை என்னாச்சுன்னு உனக்குத் தெரிய வேண்டாமா?"

"நீதான் புஸ்தகத்துல பாத்தியே. என்னாச்சு?"

"எனக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாது."

"எனக்கு எதுக்குடா அதெல்லாம்? வாயத் தொற."

அவன் திறந்தான். நாலு வாய்க்கு மேல் வேண்டாம் என்றுவிட்டான். வெயில், பசி மந்தம் என்று அவளே ஒரு காரணம் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மாலதி மாசி வந்தாள். சஹானா புடவைக்கு ஊக்குக் குத்திக்கொண்டே, கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள், வங்காளத்தில்: இனிமேல் அந்தக் கேள்வித் தொல்லை கிடையாது மாசி, பகலில் நீங்களும் எழுந்து எழுந்து போய் அமுக்க வேண்டாம், நிம்மதியாகக் கண் அசரலாம்.

மாசிக்கு விளங்கவில்லை. "எந்தக் கேள்வி, தீதி?"

"அதான், மூணு முடிஞ்சதும் வருமே. ஆமாம்னு அமுக்கணுமே."

"ஓ, அதுவா!" மாசி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அதை இப்ப நான் எங்கே அமுக்கறேன்? தம்பியே அமுக்கிக்குமே. ரத யாத்திரை சமயத்திலேருந்து கை மேலே தூக்க வருதே. ரெண்டு தடவை தப்பும், மூணாவது தடவை சரியா பட்டுடும். உங்களுக்குத் தெரியாதா?"

சஹானா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ரத யாத்திரை வந்து மூன்று மாசம் ஆகிறது.

ஜெயந்தின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. மாசி பேசியது அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. சஹானா உள்ளே போகவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தவிர, போனால் கத்தியிருப்பாள்.

பஸ்ஸில் அவளுக்கு வந்த கோபத்தில் பக்கத்தில் நின்றவருக்கே சூடு அடித்திருக்கும். மூன்று மாசம்! ராஸ்கல், அமுக்க முடிந்தும் அமுக்காமல், பாவம் போல முகத்தை வைத்துக்கொண்டு, அமுக்கு அக்கா அமுக்கு அக்கா என்று. ஐந்து வாரமாகப் பதினோரு ஆப். ஊர் பேர் தெரியாதவன் விமர்சனமெல்லாம் படித்துக் கண் பூத்துப்போனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நொட்டை சொன்னானே! கை தூக்க வந்ததைக்கூட என்னிடம் சொல்லவில்லையே. நாலு வருஷமாக அதற்குத்தானே காத்துக்கிடக்கிறேன்? யாரிடம் ஒளிக்கிறான்?

சேத்லாவில் பஸ் நின்றது. பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நகரப் போவதில்லை என்று தெரிந்ததும் டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

அவனுக்கு என்ன லாபம் என்று சஹானா யோசித்தாள். இருபது நிமிஷம், நாற்பது நிமிஷம் நின்றுபோன திரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதில் என்ன லாபம்? நான் வந்து அமுக்குவேன். அமுக்கினபின் என்ன செய்வேன்?

உட்காருவேன்.

மோடாவில், பையோடு, இருபத்துநாலு நிமிஷம். யார் இவன், ஏன் இடிக்கிறான் என்று பைத்தியக்காரக் கேள்வியாகக் கேட்பேன். அவன் சளைக்காமல் சொல்லுவான். தூங்கிவிட்டால் எழுப்ப மாட்டான். இந்த வாரம் முழுக்க உட்காரவே இல்லை. மோடா மேல் துணி கிடக்கிறது. ஊட்டவும் துடைக்கவும் திருப்பிப் படுக்க வைக்கவும் மட்டும்தான் அந்த அறைக்குள் போயிருக்கிறேன். மாசி செய்வதும் அதைத்தான். ஆறு மணியோடு ஒரு ஆயா போய், ஏழரைக்கு இன்னொரு ஆயா வந்திருக்கிறாள்.

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மூங்கில் இறக்குகிறவர்கள் அவசரமே படவில்லை. அது அன்று அவளுக்கு உபகாரமாக இருந்தது.

மத்தியானம் மாசிக்குப் போன் செய்தாள். கிளம்பும்போது திரையின் இரண்டாவது பக்கத்தில் இருக்கும் ஊதா ஆப்பை ஓட வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். காரணம் சொல்லவில்லை.

மாலை வீட்டுக்கு வரும்போது ஏழே முக்கால். பூட்டைத் திறந்தாள். மங்கிய திரை. நடுவே அந்தக் கேள்வி. ஜெயந்த் அதையே பார்த்துக்கொண்டு, பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

"எவ்வளவு நாழியா நிக்கறது?"

"அரை மணி இருக்கும். அமுக்கு அக்கா."

சஹானா மோடாவின் மேலிருந்த துணியை வாரி நாற்காலியில் போட்டாள். மோடாவை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீயே அமுக்கு" என்றாள். "நான் உக்காந்துட்டேன்."

"மாசி சொல்லிட்டாளா?"

"சொன்னா."

"ரொம்பக் கோபமா?"

"சேத்லா வரைக்கும் இருந்தது."

அவன் அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்தான். பிறகு கையைத் தூக்கினான். முழங்கை நடுங்கியது. ரப்பர் முனை முதல் தடவை கேள்விக்கு மேலே எங்கோ பட்டது, இரண்டாவது தடவை கீழே நழுவியது. சஹானாவின் கை தானாக உதவிக்குப் போனது. அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை சரியாகப் பட்டது. நாலு வருஷத்தில் அவள் பார்த்த எந்தப் படத்திலும் அவளுக்கு இப்படி மூச்சு நின்றதில்லை.

படம் ஓட ஆரம்பித்தது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. நூடுல்ஸ்காரன் இடிந்துபோன கடையின் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"இந்தத் தடவை யாருடா இடிச்சா?"

"இது பெரிய கதை, அக்கா. நீ ஒரு வாரம் பாக்கல. மொதல்லேந்து சொல்லணும்."

"சொல்லு" என்ற சஹானா, மடியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள்.